கைநாட்டும் கைரேகையும்

போன மாதம் எங்கள் வீட்டு அரிசியை வாங்க ரேஷன் கடைக்குப் போனேன். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. இடது கையை மாற்றி வைத்தேன். மிஷின் அதையும் துப்பிவிட்டது. எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர். பில் போடுகிற பையன் நான் வேலை பழக்கியவன். என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்: "அண்ணே, தலையில நல்லா தேச்சுட்டு வைங்கண்ணே."

அது என் சொந்தச் சரக்கு. அதே கடையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து நூறு பேருக்காவது அந்த வைத்தியத்தை நான் சொல்லியிருக்கிறேன். முடியில் இருக்கும் எண்ணெய்ப் பசை விரலில் ஏறினால் ரேகை சற்றே பிடிக்கும். எனக்கு இப்போது தேய்க்கத் தலையில் முடி இல்லை. பின்னால் நின்ற ஒருவர், "வேணும்னா எந்தலையில தேச்சுக்குங்க" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

பொறையாற்றுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஒரு கிராமத்தில் 31 ஆண்டுகள் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்து 2023இல் ஓய்வு பெற்றவன் நான். 900 சொச்சம் கார்டு. ஆதாரை எதிர்த்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், பேராசிரியர்கள், கம்ப்யூட்டர் படித்தவர்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர்களில் யாரும் அந்த ரேகைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவியிடம் "ரேகை விழல, அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன். ஆகவே என் பங்குக்கு ஒன்றைச் சொல்கிறேன்: அரிசி வாங்க விரலை வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எடுபட வேண்டும். திருடனைப் பிடிக்கத்தான் பெட்டி என்றார்கள். திருடன் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தான். பெட்டியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என்ன செய்துவிடுவார்கள் என்கிற தைரியம்தான்.

ரேஷன் திருட்டு என்றால் யாரோ ஒருவன் பத்துப் போலிக் கார்டை வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக அள்ளிப் போகிறான் என்று வெளியில் ஒரு கற்பனை இருக்கிறது. போலிக் கார்டே இல்லை என்று சொன்னால் அது பொய். ஊரை விட்டுப் போனவர், செத்துப் போனவர் பெயரில் கார்டு ஓடியதுண்டு. ஆனால் நாள்தோறும் நடந்தது அது இல்லை. கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் 50 கிலோ என்று போட்டிருக்கும். தராசில் ஏற்றினால் 48 காட்டும். சில நாள் 47. கேட்டால் சாக்கு எடை என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். இறக்குக்கூலி வேறு கையிலிருந்து போகும். இந்தக் குறைவைத் தன் சம்பளத்திலிருந்து கட்டிய விற்பனையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. 20 கிலோவுக்கு 19 போடுவோம். அரிசி வாங்க வராத வசதியான வீட்டுக்காரர் பெயரில் பில் போட்டுக் கணக்கை நேர் செய்வோம். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்.

2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. கார்டை ஸ்கேன் செய்து பில் போட்டதும், இன்ன தேதியில் இன்ன பொருள் இத்தனை கிலோ வாங்கியிருக்கிறீர்கள் என்று கார்டுதாரர் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். வந்த புதிதில் ஒருநாள் காலை, கடையைத் திறக்கும் முன்பே ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார். "யாருப்பா எம்பேர்ல பாமாயில் வாங்குனது?" எனக்குக் குப்பென்று வேர்த்தது. அது நல்ல மிஷின். கடைக்காரன் செய்ததை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. அதன் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

2020 அக்டோபரில், ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு என்று ரேகை வைக்கும் கருவி வந்தது. வராதவர் பெயரில் பில் போடுவதை அது பெருமளவு நிறுத்தியது. அந்த நியாயத்தை நான் மறைக்கக் கூடாது. ஆனால் விரலை வைத்த பிறகு தராசில் விழுவது 19ஆ 20ஆ என்று அதற்குத் தெரியாது. தராசையும் மிஷினையும் இணைக்கும் வேலை அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது. எது முதலில் வந்திருக்க வேண்டும்? ஜார்க்கண்டில் இதையே களத்தில் சோதித்துப் பார்த்த பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் குழுவினரும், ரேகைக் கட்டாயத்தால் மட்டும் கசிவு குறைந்ததாகக் காணவில்லை. வாங்குகிறவர்களின் அலைச்சல்தான் கூடியது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம் உட்கார்ந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

யாருக்கு விழுகிறது, யாருக்கு விழவில்லை என்று நான் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். வாத்தியார் வீட்டம்மாவுக்கு விரல் பட்டதும் விழும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு விழும். இறால் உரிக்கும் பெண்களுக்கு விழாது. ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் கிடந்து தோல் வெளுத்து வழவழவென்று ஆகியிருக்கும். வலைக்கயிறு இழுப்பவர்களுக்கு விரலில் ரேகைக்குக் குறுக்கே வேறு கோடுகள் இருக்கும், கயிறு போட்டவை. நடவு சமயத்தில் நாற்றுப் பறித்துவிட்டு நேராக வருகிறவர்களுக்கும், சுண்ணாம்பு அடிப்பவர்களுக்கும், செங்கல் சூளைக்காரர்களுக்கும் நம்பிச் சொல்ல முடியாது. பளிச்சென்று ரேகை விழுகிற சில வீடுகளில் அந்த அரிசி கோழிக்குப் போகும். அடுப்பில் உலை வைத்துவிட்டு ஓடிவருகிறவளுக்கு விழாது.

மேலத்தெருவில் ஒரு ஆயா இருக்கிறது. ஒருத்தி மட்டும் உள்ள கார்டு, மாதம் 12 கிலோ அரிசி. வாழ்நாள் முழுக்க இறால் உரித்த கை. 2021இல் ஒருநாள் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு விரலையும் முந்தானையில் துடைத்து, ஊதி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதுபோல முன்னால் நீட்டும். நான்காவது விரலும் விழாதபோது, "மோதிர விரலுக்கு மோதிரம் போடலைன்னு கோவமாக்கும்" என்றது. இ-சேவை மையத்துக்குப் போய்க் கைரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். பஸ் ஏறிப் போய், டோக்கன் வாங்கி, மத்தியானம் வரை உட்கார்ந்து, சர்வர் இல்லை என்று திரும்பியது. இரண்டாவது முறை போனபோது அங்கிருந்த பெண், "பாட்டி, உங்க விரல்ல கோடே இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு பொருளைக் கொடு என்று உத்தரவு இருந்தது. வாஸ்தவம். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில், "உன் கடையில மட்டும் ஏன்யா ரேகை இல்லாத பில் இத்தனை?" என்று எழுந்து நிற்க வைத்துக் கேட்பார்கள். இரண்டு முறை நின்றவன் மூன்றாவது மாதம் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லப் பழகிவிடுவான். நான் பழகினேன். உத்தரவு எழுதியவருக்கும் கூட்டம் நடத்தியவருக்கும் என் மேல் தப்பு சொல்ல வழி இருக்கிறது. எனக்கு ஆயா மேல்தான் தப்பு சொல்ல முடிந்தது.

மூன்றாவது தடவை வந்து நின்ற ஆயா, பையை மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டது: "ஏன் தம்பி, நான் செத்துட்டேன்னு பேரை அடிக்கிறதுக்கும் நானே வந்து விரலை வெக்கணுமா?"

அன்றைக்குப் பதிவேட்டை எடுத்தேன். அரிசியை ஒரு கிலோ கூடவே போட்டேன். அதுவும் சட்டப்படி குற்றம்தான்.

ஆயாவுக்கு அக்கம்பக்கம் இருந்தது. ஒருவேளை சோறு யாராவது போட்டுவிடுவார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே இறந்துபோனாள் என்று அவள் தாய் சொன்னார். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டு ரேஷன் கார்டு நீக்கப்பட்டிருந்தது. அது பட்டினி இல்லை, மலேரியா என்றது அரசாங்கம். கார்டு நீக்கப்பட்டதை யாரும் மறுக்கவில்லை.

2018 மார்ச்சில் ஆதார் வழக்கின்போது உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியாக இருந்த அஜய் பூஷண் பாண்டே திரை போட்டு விளக்கம் கொடுத்தார். அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு வெற்றி பெறுவது 100க்கு 88 என்றது அவர் காட்டிய கணக்கு. சரிபார்ப்பு தோற்றால் பொருள் மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை என்றும் சொன்னார். இருக்கட்டும். என் கடை அளவுக்கு அந்தக் கணக்கைச் சுருக்கிப் பார்த்தேன். 900 கார்டில் 108 கார்டு. 108 குடும்பத்தை ஒவ்வொரு மாதமும் சமாதானப்படுத்த டெல்லியிலிருந்து யார் வருவார்?

இத்தனைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் விரல் கொடுக்கச் சளைத்தவர்கள் இல்லை. 2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் படகில் வந்தார்கள். அதனால், இங்கே படகு வைத்துப் பிழைக்கிறவர்கள் முதலில் பத்து விரலையும் காட்ட வேண்டியதாயிற்று. தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு என்று கடலோரக் கிராமங்களில் 18 வயதைத் தாண்டியவர்களைப் படம் பிடித்து, ரேகை எடுத்து, பின்னால் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையை எதற்கும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு ஆதாருக்கு ஒருமுறை கொடுத்தோம். பிறகு ரேஷனுக்கு மாதா மாதம். அப்புறம் இ-கேஒய்சி என்று, கேரளாவில் மீன்பிடிக்கப் போன பிள்ளையையும் வரவழைத்து ஒருமுறை. 2025 முதல் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் தாய்க்கு முகத்தைப் படம் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். விரல் தேய்ந்தவர்களிடம் கண்ணைக் கேட்டார்கள். கண்ணில் புரை விழுந்தால் முகம். நல்லவேளை, மனிதனுக்கு உறுப்புகளுக்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது.

ஆதாரும் விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தது. ஆதார் ஆணையம் 2009இல் அமைந்தது. மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் தெம்ப்ளி என்கிற ஆதிவாசிக் கிராமத்தில் 2010 செப்டம்பர் 29 அன்று முதல் எண்ணைக் கொடுத்தார்கள். அதற்கென்று கொண்டுவந்த மசோதாவை யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிலைக்குழு 2011இல் ஏற்க மறுத்தது. சட்டம் இல்லாமலே வேலை தொடர்ந்தது. ஆதார் இல்லை என்பதற்காக யாரும் பாதிக்கப்படக் கூடாது என்று 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2016இல்தான் சட்டம் வந்தது, அதுவும் பண மசோதா என்று, மாநிலங்களவை தடுக்க முடியாதபடி. அடுத்த சில மாதங்களில் கார்டில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரைச் சேர் என்று எங்களுக்குச் சொன்னார்கள். கடைக்கு வந்தவர்களிடம் நான் என்ன சொன்னேன்? "ஆதார் கொண்டாரலன்னா பேரை எடுத்துருவாங்க." அப்படி எழுத்தில் எனக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. மேலே சொன்னதை நானாகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், வேலை சீக்கிரம் முடியுமே என்று. விருப்பம் என்பது கட்டாயமாக மாறுகிற இடம் எது என்று நாடாளுமன்றத்தில் தேட வேண்டாம். என் மாதிரி ஆள் உட்கார்ந்திருக்கும் மேசைதான் அது.

இந்த மாற்றம் புதிதில்லை என்று எனக்கு ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து தில்லையாடி சைக்கிள் தூரம். அங்கே வள்ளியம்மை நினைவு மண்டபத்துக்குப் பள்ளியில் படிக்கும்போது கூட்டிப் போவார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிச் சிறை சென்ற பெண் என்பார்கள். போராட்டம் எதில் தொடங்கியது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது: கைரேகையில் தொடங்கியிருக்கிறது.

ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையே நம் நாட்டில் வெள்ளைக்காரர் சோதித்துப் பார்த்தது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகை அலுவலகத்தைத் திறந்தவர் போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றி. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்ததில் பெரும்பங்கு அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவருக்கும். 1900இல் அந்த ஹென்றியை ஜோகனஸ்பர்க் போலீசை ஒழுங்குபடுத்த அனுப்பினார்கள். 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எட்டு வயதைத் தாண்டிய இந்தியரும் சீனரும் பெயர் பதிந்து, ரேகை கொடுத்து, ஒரு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். போலீஸ்காரர் தெருவில் நிறுத்திக் கேட்டாலும் காட்ட வேண்டும். அந்த செப்டம்பர் 11 அன்று ஜோகனஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடி, பதிய மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். அதுதான் சத்தியாகிரகத்தின் முதல் நாள். அடுத்த ஆண்டு சட்டம் அமலுக்கு வந்தபோது, பல ஆயிரம் பேரில் ஏறத்தாழ 500 பேர்தான் கெடு முடிவதற்குள் பதிந்திருந்தார்கள். பதிவு அலுவலகங்களின் வாசலில் மறியலுக்கு நின்றவர்களை நடத்தியவர் தம்பி நாயுடு. மொரிஷியஸில் பிறந்து ஜோகனஸ்பர்க்கில் வண்டித்தொழில் செய்தவர், அங்கிருந்த தமிழர்களின் தலைவர்.

1908 ஜனவரியில் சிறையில் இருந்த காந்தியோடு டிரான்ஸ்வால் அரசின் ஜெனரல் ஸ்மட்ஸ் சமரசம் பேசினார். நீங்களாக விருப்பப்பட்டுப் பதிந்துவிடுங்கள், சட்டத்தை எடுத்துவிடுகிறேன் என்பது காந்தி புரிந்துகொண்ட பேச்சு. காந்தி நம்பினார். பிப்ரவரி 10 அன்று பதிவதற்காக நடந்து போனபோது மீர் ஆலம் என்ற பட்டாணியர் வழிமறித்து அடித்து வீழ்த்தினார். கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி. படுக்கையில் கிடந்தபடியே காந்தி ரேகை கொடுத்தார். சட்டமோ எடுபடவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி மைதானத்தில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைப் போட்டு, பாரஃபின் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தக் கூட்டத்துக்கு மீர் ஆலமும் வந்து, அடித்தது தப்பு என்று சொல்லித் தன் பழைய சான்றிதழை எரிக்கக் கொடுத்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். விருப்பப் பதிவுச் சான்றிதழை அவர் வாங்கியிருக்கவே இல்லை. அடித்தது தப்புதான். ஆனால் 'விருப்பம்' என்ற சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதில், பாடப்புத்தகம் முரடன் என்று ஒதுக்கிவிட்ட அந்த ஆள் காந்தியைவிடத் தெளிவாக இருந்தார் என்று எனக்குப் படுகிறது.

அந்தப் போராட்டத்தில் தமிழர்கள் கொடுத்தது அதிகம். சாமி நாகப்பன் 1909இல் சிறையிலிருந்து வெளியே வந்த சில நாட்களில் இறந்தார்; 18 வயது. நாராயணசாமி நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது கரையில் இறங்கவிடாமல் அலைக்கழிக்கப்பட்டு 1910இல் டெலகோவா விரிகுடாவில் இறந்தார். எங்கள் வள்ளியம்மை சிறை போனது 1913இல், மூன்று பவுண்டு வரியும் திருமணச் சட்டமும் பெரிதாக எழுந்த கட்டத்தில். அவளைக் கைரேகைக்காகச் செத்தவள் என்று சொன்னால் அது வரலாற்றுக்குச் செய்கிற தப்பு. 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தாள். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பெயர் இருக்கிறது. அவள் மண்டபத்துக்குப் பக்கத்து ஊர்களில் இன்று விரல் வைக்காதவருக்கு அரிசி தாமதமாகும்.

ஆதார் நீதிமன்றத்துக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் வழக்குப் போட்டார். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. உரிமைதான் என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று நான்குக்கு ஒன்று என்று ஆதார் தப்பியது. பேங்க் கணக்குக்கு வேண்டாம், சிம் கார்டுக்கு வேண்டாம், தனியார் கம்பெனி கேட்கக் கூடாது. மானியத்துக்கும் ரேஷனுக்கும் வேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இன்னும் தீரவில்லை. செல்போன் கடையில் மறுக்கலாம் என்ற உரிமை, அரிசிக் கடையில் மட்டும் எப்படி இல்லாமல் போகிறது? மாறுபட்ட அந்த ஒருவர், நீதிபதி டி.ஒய். சந்திரசூட், சட்டம் முழுக்கவே செல்லாது என்று எழுதினார். இங்கே தோற்ற அந்த எழுத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டு 2019 ஏப்ரலில் ஜமைக்காவின் உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அடையாள அட்டைச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது.

2018இல் புட்டசாமி வழக்கின்போது ஆதார் தகவல் இருக்கும் வளாகத்துச் சுவர் 13 அடி உயரம், 5 அடி கனம் என்றார் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால். சுவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரிசி எந்தக் கிடங்கிலும் சுவரேறிக் குதித்துக் காணாமல் போனதில்லை. வாசல் வழியாக, ரசீதோடுதான் போகும். அதே ஆண்டு ஜனவரியில் டிரிப்யூன் பத்திரிகையின் நிருபர் 500 ரூபாய் கொடுத்து, பத்தே நிமிடத்தில், யாருடைய ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி வரும் வழியை வாங்கிக் காட்டினார். ரேகை எதுவும் கசியவில்லை என்று ஆணையம் மறுத்தது. பத்திரிகை மீதும் நிருபர் மீதும் புகார் கொடுத்தது. ரேகைக்கு அந்தச் சுவரைத் தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. அதே 2018இல் தெலங்கானாவில் சிம் விற்பவர் ஒருவர் நிலப் பத்திரங்களில் உருட்டி வைத்திருந்த கட்டைவிரல் ரேகைகளை நகலெடுத்துப் போலி விரல் செய்து மாட்டிக்கொண்டார். நம் வீட்டுப் பத்திரத்திலும் அந்தக் கறுப்பு ரேகை இருக்கிறது. தாத்தா நிலம் வாங்கியபோது வைத்தது ஆறுதல். நான் வைத்ததுதான் கவலை.

ஒருமுறை எடுத்ததைத் திரும்ப அழிக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பிரிட்டனில் 2006இல் அடையாள அட்டைச் சட்டம் போட்டார்கள், 2010இல் ஆட்சி மாறியதும் ரத்து செய்தார்கள், 2011 பிப்ரவரியில் பதிவேடு இருந்த வன்தட்டுகளை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. கார்டு இருக்கட்டும். ஸ்கேன் செய்யட்டும். குறுஞ்செய்தி போகட்டும்; போன் இல்லாதவருக்குக் கடை வாசலில் பெயரும் கிலோவும் எழுதி ஒட்டட்டும், ஊரே படிக்கட்டும், அதற்கு விற்பனையாளன் பயப்படுவதுபோல் எதற்கும் பயப்பட மாட்டான். கிடங்கு வாசலிலேயே மூட்டையை நிறுத்துப் போடட்டும். விரல் வைப்பதும் வைக்காததும் கார்டுதாரர் இஷ்டம் என்று இருக்கட்டும். வைக்காதவர் எத்தனை பேர் என்று விற்பனையாளரை நிற்க வைத்துக் கேட்பதை நிறுத்தட்டும். இனி புதிதாக முகம், கண் என்று எதையும் சோற்றுக்கு ஈடாகக் கேட்க வேண்டாம்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். என் விரல் விழாத அதே வாரம், வழி காட்ட வாங்கண்ணே என்று பையன் கூப்பிட்டான். வண்டியில் அரிசி, தராசு, கூடவே அந்தப் பெட்டி. மேலத்தெருவில் ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "பென்சன் வாங்கிட்டும் மூட்டைய விடலையா நீ" என்றது. பென்சன் எங்களுக்குக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.

பையன் சிக்னலுக்காகப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தடி வரை போனான். கிடைத்ததும் ஓடிவந்து விரலை வைக்கச் சொன்னான். விழவில்லை. கருவிழிக் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். ஆயாவுக்கு வலது கண்ணில் புரை, இடது கண்ணில் தண்ணீர் வடிகிறது. இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தான்.

"கையெழுத்துப் போடுவியா ஆயா?"

"எனக்கு எங்க கையெழுத்து? நாட்டுதான்."

மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. ஆயாவின் சொம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டான். கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, பதிவேட்டில் அவனே உருட்டினான். ஒரு கோடுகூட இல்லாமல் வட்டமாக, கறுப்பாக, புளியங்கொட்டை மாதிரி விழுந்தது. பையன் அதற்குப் பக்கத்தில் ஆயாவின் பெயரை எழுதினான். நான் 12 கிலோவை நிறுத்துப் போட்டேன்.